மாடியில் காய்ந்த விரிப்புகள்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மூக்கக்கா. மூக்கு பெரியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது எல்லோருக்கும் இருப்பதுதான், கொஞ்சம் சப்பையாகக்கூட இருக்கும். ஆனால் அது செய்யும் வேலை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அழுக்குத் துணியை இயந்திரத்தில் போடுவதற்கு முன் பிரித்துப் போடுகிறவள் அவள். எண்ணெய்க் கறை தனி, பழக்கறை தனி, ரத்தக்கறை தனி. பழுப்பாக ஒரு கறை இருந்தால் மற்றவர்கள் தலையைச் சொறிவார்கள். மூக்கக்கா துணியை முகத்துக்கு அருகே கொண்டுபோய், "காப்பி இல்ல, சாக்லேட்டு. வெந்நீர்ல போட்டுடாதீங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் போகாது" என்று ஒரு பக்கம் வீசிவிட்டு அடுத்ததை எடுப்பாள். எந்த விரிப்பில் படுத்தவருக்குக் காய்ச்சல், எந்தச் சட்டைக்காரர் வீட்டில் நாய் இருக்கிறது என்பதெல்லாம் வேலையோடு வேலையாக அவளுக்குத் தெரிந்துவிடும். "மனுஷன் பொய் சொல்வான், துணி சொல்லாது" என்பாள். அந்த நம்பிக்கைதான் கடைசியில் அவளைக் கவிழ்த்தது.

குடும்பம் குடியிருந்ததும் சலவைக்கூடத்தின் தலைமேல்தான். கீழே இயந்திரங்கள், நடுவில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும், அதற்கு மேலே மொட்டை மாடி. கீழே பெரிய இயந்திரம் பிழியத் தொடங்கினால் மேலே அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். புருஷன் சலவைக்கூடத்து வேன் ஓட்டுகிறவர். கண் பார்வை மங்கிக்கொண்டு வந்ததால் அந்த மாதத்தோடு வண்டியை விட்டு இறங்கிவிடுவதாகவும், சாவி மகன் கைக்குப் போவதாகவும் முதலாளியிடம் பேசி முடித்திருந்தார். மகனை வீட்டில் பெரியவன் என்பார்கள், மகளைச் சின்னவள். பெரியவனுக்கு அந்த வேன் என்றால் உயிர். ஓட்டுநர் உரிமம் வாங்கி வைத்துக்கொண்டு, கல்யாணத் தேதிக்குக் காத்திருக்கிறவன் மாதிரி காத்திருந்தான். சின்னவள் மின்சாரக் கம்பெனியின் புகார் எண்ணில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறவள். கரண்டு போன வீட்டுக்காரர்கள் எல்லோரும், என்னவோ அவள்தான் கம்பியை அறுத்துவிட்டது போல, நாள் முழுக்க அவளைத் திட்டுவார்கள்.

பெரியவனுக்கு ஒரு காலத்தில் கஞ்சாப் பழக்கம் இருந்தது. அது ஒன்றும் ரகசியம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் சட்டையை முகர்ந்து கண்டுபிடித்தவளே மூக்கக்காதான். அன்று வீட்டில் ஒரு கலவரம் நடந்தது. அப்பா ஓர் அறை விட்டார். மறுநாளே மனசு கேட்காமல் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். மூக்கக்கா கீழே போய் எல்லோரிடமும் சொல்லிப் புலம்பினாள். சூடான உருளை இயந்திரத்தில் துணி விட்டு இஸ்திரி போடுகிறவள், கூடத்தில் எல்லோருக்கும் அண்ணி, "விடுங்கக்கா, வயசுப் பையன், கூட்டாளிங்களோட சேர்ந்து ஒரு இழுப்பு இழுத்திருப்பான். எந்தம்பி ஆடாத ஆட்டமா? இப்ப பாருங்க, பொண்டாட்டி கிழிச்ச கோட்டத் தாண்டுறதில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூக்கக்காவும் சிரித்தாள். வேன் பேச்சு வந்ததும் பெரியவன் தானாகவே அதை விட்டுவிட்டான். அதன் பிறகும் எப்போதாவது வீட்டில் அந்த வாடை வரும். மறுபடி ஆரம்பித்துவிட்டானோ என்று அவள் கத்துவாள், அவன் இல்லை என்பான், அவள் நம்பமாட்டாள்.

அந்த வாரம் விடாத தூறல். உலர்த்தும் இயந்திரம் வேறு படுத்துவிட்டது. சரிபார்க்க ஆள் வருவதற்குள், ஏரிக்கரை ஓட்டலின் படுக்கை விரிப்புகளை வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாளில் மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். ராத்திரி கொடியிலேயே விட்டு, காலையில் மடித்து, இஸ்திரி போட்டு, கட்டுக் கட்டாக வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. மறுநாள் அத்தனையும் அப்படியே திரும்பி வந்தன.

முதலாளி கட்டைப் பிரித்து ஒரு விரிப்பை மூக்கக்காவின் கையில் கொடுத்தார். அவள் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைக்கு அடியில், வெயில் வாசனைக்கும் அடியில், அது இருந்தது. பச்சைத் தழையைக் கருக்கின மாதிரி, லேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"கஞ்சாங்கய்யா" என்றாள்.

"அந்த ஓட்டல்காரன் நம்மகிட்ட இத்தன வருஷமா துணி போடறான். குழந்தை குட்டியோட வந்து தங்கறவங்க படுக்கைல இந்த நாத்தமான்னு கேக்கறான். நான் என்னத்தச் சொல்ல? மாடிச் சாவி உங்க வீட்லதானேம்மா இருக்கு?"

"ஆமாங்கய்யா."

"உங்களுக்கே தெரியும். நாளைக்குக் காலைல வந்து சொல்லுங்க. வண்டி விஷயம் அப்புறம் பாத்துக்கலாம்."

வண்டி விஷயம் என்று அவர் சொன்னதும் மூக்கக்கா விரிப்பை அவர் மேசைமேலேயே வைத்தாள். வேலையைப் போட்டுவிட்டு மேலே ஏறினாள். கதவுக்குப் பின்னால் பெரியவனின் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை தொங்கியது. காலரை முகர்ந்தாள். கை மடிப்பை முகர்ந்தாள். வேறு சாட்சி வேண்டியதில்லை. துணி சொல்லிவிட்டது.

அவன் வந்ததும் சட்டையை அவன் முன்னால் போட்டாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, நனைந்த குடையைக் குளியலறையில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் சட்டைடா?"

"என்னோடதும்மா."

"மோந்து பாரு."

அவன் முகர்ந்தான். முகர்ந்துவிட்டுக் குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

"சொல்லுடா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் பண்ணல."

"அப்போ சட்ட தானா மாடிக்குப் போயி இழுத்துட்டு வந்துச்சா? உங்கப்பா கண்ணு தெரியாமக்கூட வண்டி ஓட்டிட்டிருக்காரு, உனக்கு எடம் பிடிச்சு வைக்கறதுக்காக. அத இப்படிப் பாழாக்கிட்டியேடா."

அப்பா எழுந்தார். "சாவிய நான் இவன் கைல குடுக்கமாட்டேன். இத இழுத்துட்டு நாலு பேர் மேல வண்டிய ஏத்தினா யாரு பதில் சொல்றது? காலைல நானே முதலாளிகிட்ட சொல்லிடறேன்" என்றார். பெரியவனின் முகம் செத்துப்போயிற்று. அப்போதும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். சின்னவளும் தலைவலி என்று சாப்பிடவில்லை. மூக்கக்கா மகனுக்கு மட்டும் ஒரு தட்டில் மூடி வைத்தாள். திட்டின வாய்தான், ஆனாலும் பெற்ற வயிறு.

மறுநாள் காலையில் சலவைக்கூடம் எப்போதும் போல ஆவியும் இரைச்சலுமாக இருந்தது. முதலாளியின் மேசை ஓரத்தில் அப்பா நின்றுகொண்டு, கையிலிருந்த வேன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மூக்கக்கா துணிக் குவியலுக்கு நடுவே குனிந்திருந்தாள். அப்போது சின்னவள் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். வேலைக்குப் போகிற உடுப்பில், தலை வாரி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். நேரே மேசைக்குப் போனாள்.

"ஐயா, மாடியில புகைச்சது அண்ணன் இல்ல. நான்."

இஸ்திரி அண்ணி உருளையை நிறுத்திவிட்டாள். அதன் சத்தம் நின்றதும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ராத்திரி மேல குளிரா இருந்துச்சு, அண்ணன் சட்டையப் போட்டுட்டுப் போனேன். எப்பவும் அதத்தான் போட்டுட்டுப் போவேன். விரிப்புங்களுக்கு நடுவுல நின்னா பக்கத்து வீட்டுக்குத் தெரியாதுன்னு நின்னேன். துணில ஏறும்னு யோசிக்கல. அண்ணன் விட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வண்டிய அவனுக்கே குடுங்க. விரிப்பு அத்தனையும் நான் திரும்பத் துவைச்சுத் தரேன்."

அவள் குரல் நடுங்கவில்லை என்று சொன்னால் பொய். நடுங்கியது. நடுங்கின குரலிலேயே ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாள். அந்தக் கூடத்தில் ஆளுக்கு ஒரு ரகசியம் வைத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். நடுக்கூடத்தில் நின்று தன் வாயால் தன்னைப் பற்றி இப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அண்ணனுடைய சோற்றில் மண் விழக்கூடாது என்பதற்காகத் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அதைப் பாராட்ட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியவனுக்குச் சொன்ன "வயசுப் பையன்" என்ற சமாதானத்துக்கு ஈடாக ஒரு சொல் அவளுக்கென்று யாரிடமும் இல்லை. இஸ்திரி அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். "சரிம்மா, துவைச்சுக் குடு. தம்பிய வந்து சாவிய வாங்கிக்கச் சொல்லு" என்றார்.

மூக்கக்கா குனிந்தது குனிந்தபடியே இருந்தாள். அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் சின்னவளுக்குத் தலை பின்னிவிடும்போது அவள் முடியிலேயே அந்த வாடை அடித்தது. முகர்ந்தவள் என்ன செய்தாள்? பெரியவனைக் கூப்பிட்டு, "தங்கச்சி பக்கத்துல நின்னு ஊதறியே, அறிவிருக்கா?" என்று திட்டினாள். மூக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது. பெண்பிள்ளையும் செய்வாள் என்று மனசுக்குத்தான் ஏறவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் கத்தவில்லை. அதுதான் கொடுமை. மகன் விஷயத்தில் கத்தினார்கள், அடித்தார்கள், மறுநாள் சரியாகிவிட்டது. மகள் விஷயத்தில் பேச்சே நின்றுபோயிற்று. "வெளிய எவனுக்கும் தெரியக்கூடாது. வேலைக்கும் போக வேணாம். ரூம்லயே கெடக்கட்டும், தானா விட்டுடும்" என்று அப்பா மனைவியிடம் மட்டும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "சின்னவளுக்குக் காய்ச்சல்" என்றாள் மூக்கக்கா. சொல்லும்போதே அவளுக்கு உறுத்தியது. மகனுக்கு இருந்தபோது ஊரைக் கூட்டிச் சொன்ன வாய்தானே இது.

சின்னவள் ரூமிலேயே கிடக்கவில்லை. லீவு போட்டாள், ஆனால் சாயங்காலமானால் சொன்ன சொல் தவறாமல் விரிப்புகளைத் துவைத்தாள். அன்றைக்கே கஞ்சாவை நிறுத்தியும்விட்டாள். அதுதான் அவளை முறித்துப் போட்டது. தூக்கம் போயிற்று. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. கரண்டி கீழே விழுந்தாலும் எரிந்து விழுந்தாள், உடனே அழுதாள். பெரியவன் சமையலறையில் அம்மாவிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"எனக்கு இப்படியெல்லாம் வரலம்மா. ரெண்டு நாள் கடுகடுன்னு இருந்துச்சு, அப்புறம் சரியாப்போச்சு. அவளுக்கு வேற மாதிரி பிடிச்சிருக்கு."

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"சட்டையில வாடை வந்தப்ப தெரியும். கேட்டேன். அழுதா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"உன்னப் போட்டு அந்தத் திட்டு திட்டினேனேடா."

"நான் திட்டு வாங்கினா சாயங்காலம் சரியாயிடும்மா. அவ வாங்கினா ஆகாது. அது தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்" என்றான். வண்டி போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றியிருக்கிறார்கள், பெற்றவர்களிடமிருந்து. மூக்கக்கா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு மாடிக்கு ஏறினாள்.

தூறல் விட்டு, அன்று பகலெல்லாம் வெயில் அடித்திருந்தது. சின்னவள் காய்ந்த விரிப்புகளை மடிக்க ஆரம்பித்திருந்தாள். பெரிய விரிப்பு, ஒருத்தியால் மடிக்க முடியாது. நுனியைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தடுமாறினாள். மூக்கக்கா போய் எதிர்ப்பக்க நுனிகளைப் பிடித்தாள். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. இழுத்து உதறும்போது இரண்டு பேரும் தள்ளி நிற்கலாம், மடிக்கும்போது கிட்டே வந்துதான் ஆகவேண்டும்.

"எப்ப ஆரம்பிச்சே?" என்றாள், தள்ளி நின்று.

"அண்ணன் விட்டப்போ அவன் பெட்டில கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. தூக்கி எறியத்தான் எடுத்தேன்."

"அவன் மாதிரி கூட்டாளிங்களோடயா?"

"எனக்கு ஏதும்மா கூட்டாளி? பசங்க பத்து பேர் சேர்ந்து உக்காந்து சிரிச்சுட்டு இழுப்பாங்க. பொண்ணு ஒருத்தி இழுத்தா எங்க உக்காருவா? தனியாத்தான்." விரிப்பைக் கொண்டுவந்து நுனிகளை அம்மாவின் கையில் சேர்த்தாள். "நாள் பூரா காதுல கெட்ட வார்த்த. படுத்தா அதே குரல் ஓடும். இத இழுத்தா தூக்கம் வந்துச்சு. மொதல்ல எப்பவாச்சும்தான். சீக்கிரமே, அது இல்லாம தூக்கம் வராதுன்னு ஆயிடுச்சு. சிரிக்கறதுக்கெல்லாம் இல்லம்மா. ஒரு நாள்கூட நான் அதுல சிரிச்சதில்ல."

மூக்கக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ கீழ போயி எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருப்பியா, அண்ணனுக்குச் செஞ்ச மாதிரி?"

மூக்கக்கா கையிலிருந்த மடிப்பை நீவினாள், திரும்ப நீவினாள்.

"காய்ச்சல்னு சொன்னேன்" என்றாள் மூக்கக்கா கடைசியில்.

"தெரியும். கேட்டுச்சு." சின்னவள் விரிப்பை உதறினாள். "நாள் பூரா ஊர்ல இருக்கவங்க ஃபோன நான் எடுக்கறேன். இன்னிக்கு நானே ஒரு ஃபோன் பண்ணேன். பெரிய ஆஸ்பத்திரில இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்காம். வாரா வாரம் கூட்டமா உக்கார வெச்சுப் பேசுவாங்களாம், மருந்து வேணும்னா தருவாங்களாம். ஃபோன் எடுத்த அம்மா சொன்னாங்க, 'வர்றது எல்லாம் பசங்கதாம்மா, பொண்ணுங்க யாரும் வர்றதில்ல, உனக்குச் சங்கடமா இருக்குமோ'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"பொண்ணுங்களுக்குன்னு தனியா ஒண்ணு எப்பங்க வெப்பீங்கன்னு கேட்டேன். தெரியலன்னாங்க. அப்போ இதுக்கே வரேன்னு சொல்லிட்டேன்."

மூக்கக்கா மகளைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்து, கன்னம் ஒட்டி, முடி கலைந்து நின்றாள். இத்தனையிலும் விரிப்பின் நுனியோடு நுனி பிசகாமல் சேர்த்துப் பிடித்திருந்தாள். இவளுக்கு இந்த நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. தன்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய இடமா இது என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டாள்.

"நானும் வரேன்" என்றாள்.

அந்த வாரம் வேனில்தான் போனார்கள். பெரியவன் ஓட்டினான். அவனுக்கு அது சாவி வாங்கின முதல் வாரம், வளைவுகளில் தேவைக்கு அதிகமாகவே மெதுவாகப் போனான். கிளம்பும்போது அப்பா வாசலுக்கு வரவில்லை. ஆனால் வேனில் ஏறிப் பார்த்தால், இருக்கையில் வெந்நீர்க் குடுவையும் மகளுடைய குடையும் இருந்தன. அவள் உட்காரும் பக்கத்துக் கண்ணாடியை யாரோ பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். வீட்டில் கண்ணாடி துடைக்கிற பழக்கம் அப்பா ஒருவருக்குத்தான் உண்டு.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு நீளமான தாழ்வாரம். இரண்டு பக்கமும் பெஞ்சு. ஒரு பெஞ்சில் வரிசையாக இளவட்டங்கள், கால்களை நீட்டிக்கொண்டு, ஒருவன் தொப்பியை இன்னொருவன் பிடுங்கிக்கொண்டு. எதிர்ப் பெஞ்சில் அவர்களுடைய அம்மாக்கள். சின்னவள் போய் நின்றதும் பையன்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். ஒருவன், "மேடம், டாக்டர் இன்னும் வரலைங்க" என்றான்.

"நான் டாக்டர் இல்ல. உங்கள மாதிரிதான்" என்றாள் சின்னவள். அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் உட்கார்ந்தாள். கதவு திறந்து கூப்பிட்டதும் அத்தனை பையன்களும் பின்னால் ஒதுங்கித் தயங்கினார்கள். அவள்தான் எழுந்து முதலில் உள்ளே போனாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

மூக்கக்கா அம்மாக்களின் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் கனத்த உடம்புக்காரி, மடியில் பெரிய பை, அவளுடைய சேலையில் வறுத்த வெங்காயமும் குழந்தைப் பவுடரும் மணத்தன. எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"புதுசா? பையனா?"

பேச்சு மும்முரத்தில் அந்த அம்மாள் எதிர்ப் பெஞ்சைக் கவனித்திருக்கவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. மூக்கக்காவின் தலை ஆடுவதற்குத் தயாராகக்கூட இருந்தது.

"இல்லைங்க. பொண்ணு" என்றாள்.

பெஞ்சு முழுக்கப் பேச்சு அடங்கியது. மூக்கக்கா குனியவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரோ ஏதோ கேட்பதும், மகளின் குரல், நாள் முழுக்க ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லிப் பழகிய தெளிவான குரல், பதில் சொல்வதும் கேட்டது.

"உங்களுக்கு ரொம்பத் தைரியங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எனக்கில்லைங்க. அவளுக்கு."

அந்த அம்மாள் பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். மற்றவர்கள் பழையபடி பேச ஆரம்பிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மூக்கக்காவின் பக்கமாகச் சாய்ந்து, காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"பொண்ணுங்களயும் உள்ள சேத்துக்கறாங்களா?"

மூக்கக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். தன் முகமே அங்கே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இதற்கு மூக்கு தேவைப்படவில்லை.

"சேத்துக்கறாங்க" என்றாள். "அடுத்த வாரம் பையனோட பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. எம்பொண்ணு பக்கத்துல எடம் இருக்கும்."